ஆம்பிளைத் தடிமன், பொம்பிளைத் தடிமன்: மருந்துக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் 18 வருடமாக நிற்கிறேன். வாடைக்காற்று தொடங்கி மழை இறுகிவிட்டால் எங்கள் மேசைக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் இருமுகிறவர்கள், மீதிப் பேர் இருமுகிறவருக்கு மருந்து வாங்க வந்தவர்கள். கொரோனாக் காலத்தில் தொடங்கிய ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை: சளி, காய்ச்சல், நுரையீரல் வருத்தம் எல்லாம் ஆணை ஒரு மாதிரியும் பெண்ணை ஒரு மாதிரியும் பிடிக்கிறதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். நான் மருந்தாளர், வைத்தியர் இல்லை. உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

"மிஸ், இந்தத் தடிமன் காய்ச்சல் ஆம்பிளையளுக்கோ பொம்பிளையளுக்கோ கூட வாறது?"

இது ஒரு கேள்வி போல இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வைரஸ் தொற்றுவது ஒன்று. தொற்றிய பிறகு ஆளைப் போட்டுப் படுத்துவது இன்னொன்று. முதலாவதில் ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. இரண்டாவதில் இருக்கிறது. கீழே வரும் பதில்களுக்கும் இந்தப் பிரிப்புத் தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.

கொரோனாவில் இது நன்றாகத் தெரிந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 30 லட்சத்துக்கும் அதிகமான நோயாளர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020 டிசம்பரில் வெளிவந்தது. தொற்றியவர்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகும் வாய்ப்பு ஆண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு, இறக்கும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு. வித்தியாசம் உண்மை. ஆனால் வயது செய்யும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் இது சின்னது. 75 வயது அம்மாவுக்கு இருக்கும் ஆபத்து 25 வயது மகனுக்கு இல்லை.

"வைரஸுக்கு இவன் ஆம்பிளை, இவள் பொம்பிளை எண்டு எப்பிடித் தெரியும்?"

தெரியாது. வைரஸ் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே மாதிரித்தான் நுழைகிறது. வீட்டுக்காரர் அதை எப்படி எதிர்கொள்கிறார் என்பதில்தான் சங்கதி. நம் எதிர்ப்புச் சக்தியின் கலங்களுக்குள் எச்சரிக்கை மணி போலச் சில புரதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் டிஎல்ஆர்7. இன்புளுவென்சா, கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் (ஆர்என்ஏ என்ற மரபுப்பொருளைக் கொண்டவை) வந்தால் இந்த மணி அடிக்கும். உடனே இன்டர்பெரோன் என்ற பொருள் சுரந்து, "கதவைப் பூட்டுங்கள்" என்று அயல் கலங்களுக்கெல்லாம் சொல்லிவிடும். முதல் சில நாட்களில் இது எவ்வளவு கெதியாக நடக்கிறதோ அவ்வளவுக்கு ஆள் தப்பலாம். பெண்களின் கலங்களில் இந்த மணி கொஞ்சம் பலமாக அடிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

"அக்கா, டிஎல்ஆர்7 எக்ஸ் குரோமோசோமில இருக்கெண்டு படிச்சோம். பொம்பிளையளுக்கு எக்ஸ் ரெண்டு. அப்ப ரெண்டு மடங்கு பலமோ?"

உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி ஒருவன் பனடோல் கார்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு கேட்ட கேள்வி. குரோமோசோம் என்பது மரபணுக்களைச் சுமக்கும் பொதி. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு எக்ஸ் ஒன்று, வை ஒன்று. தம்பி சொன்னது பாதி சரி. பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கப் போய்விடும். ஆகவே கணக்குப்படி இரண்டு மடங்கு வராது. ஆனால் அந்த உறக்கம் முழு உறக்கம் இல்லை. சில மரபணுக்கள் விழித்தே இருக்கும். சில எதிர்ப்புக் கலங்களில் டிஎல்ஆர்7 அப்படித் தப்பும் மரபணுக்களில் ஒன்று.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு எக்ஸில் பழுது இருந்தாலும் பெண்ணுக்கு மற்றது கைகொடுக்கும். ஆணுக்கு மாற்று இல்லை. 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த 4 இளைஞர்கள், வேறு எந்த வருத்தமும் இல்லாதவர்கள், கொரோனாவில் செயற்கைச் சுவாசம் வரை போனார்கள். ஒருவர் இறந்தார். தேடிப் பார்த்தால் நால்வருக்கும் டிஎல்ஆர்7 மரபணுவில் பழுது. இது மிக அபூர்வம், உங்கள் வீட்டுத் தடிமனுக்குக் காரணம் தேடி இதற்குள் போக வேண்டாம். ஆனால் ஒற்றை எக்ஸ் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"ஹோர்மோன்தான் காரணம் எண்டு சொல்லுறாங்களே. அப்ப ஆம்பிளையளுக்கு ஈஸ்ட்ரஜன் குளிசையக் குடுத்தா சரிதானே?"

இப்படிக் கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் சிரிக்காமலே அந்த வழியில் போய்ப் பார்த்தார்கள். பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாக உசுப்பிவிடும், ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக அடக்கி வைக்கும். போதாததற்கு, கொரோனா வைரஸ் கலத்துக்குள் நுழைய உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியும், குறைந்தது புரஸ்டேட் சுரப்பியில், ஆண் ஹோர்மோனின் சொல்கேட்டு நடப்பது. அப்போ ஆண் ஹோர்மோனை நிறுத்தினால் வைரஸ் திண்டாடும் என்று கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான வைத்தியசாலைகளில் 96 ஆண்களை வைத்து, டெஸ்டோஸ்டிரோனைச் சட்டென்று இறக்கும் டெகாரெலிக்ஸ் ஊசியைச் சோதித்தார்கள். பலன் இல்லை.

காகிதத்தில் அழகாக நிற்கும் கணக்கு உடம்பில் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதற்காக யாரும் ஹோர்மோன் குளிசை கேட்டு வர வேண்டாம். தரமாட்டேன்.

"எனக்கு மாதவிலக்கு நிண்டு அஞ்சு வருசம். அப்ப அந்தப் பாதுகாப்புப் போயிட்டுதோ?"

கொஞ்சம் குறைந்திருக்கலாம், போய்விடவில்லை. ஹோர்மோன் மட்டும்தான் காரணம் என்றால் மாதவிலக்கு நின்ற வயதில் ஆணும் பெண்ணும் சமமாகியிருக்க வேண்டும். கொரோனாவில் அப்படி நடக்கவில்லை. 70, 80 வயதிலும் ஆண்களே கூடுதலாக இறந்தார்கள். எக்ஸ் பற்றி மேலே சொன்னது வயதோடு மாறுவதில்லை அல்லவா? ஆனால் உங்கள் வயதில் நான் கவலைப்படுவது ஹோர்மோனைப் பற்றி இல்லை. சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

"மூத்த மகளுக்கு இப்பிடி ஒண்டும் வரேல்ல. இவன் சின்னவன் பிறந்ததில இருந்து ஒரே முட்டு. ஆம்பிளைப் பிள்ளை எண்டதாலயோ?"

உப்புவெளியில் இருந்து நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு தாய் அடுத்த நாள் கேட்டது. ஓரளவுக்கு ஆம். கைக்குழந்தைகளை இழுப்புக்கும் நுரையீரல் அழற்சிக்கும் கொண்டுபோகும் முக்கியமான வைரஸ் ஆர்எஸ்வி. அதனால் வைத்தியசாலையில் சேர்க்கப்படுகிறவர்களில் ஆண் குழந்தைகள் கூட. நுரையீரலின் அளவோடு ஒப்பிட்டால் ஆண் குழந்தையின் சுவாசக் குழாய் ஒடுக்கம் என்பது ஒரு காரணம். ஒடுங்கிய குழாயில் கொஞ்சம் சளி கட்டினாலும் காற்று விசிலடிக்கும். குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை என்றால் இன்னும் கவனம்.

இந்த வருத்தத்துக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, அது வைரஸ். "போன தடவை குடுத்த சிவப்பு மருந்து" என்று போத்தலோடு வருகிறவர்களோடு வாரத்துக்கு ஒரு சண்டை எனக்கு. மருந்தை விடப் பிள்ளையின் நெஞ்சைப் பாருங்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தை 60 தடவைக்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50க்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40க்கு மேல் மூச்சு விட்டால் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படித்தான். இதில் ஆண், பெண் பார்க்கத் தேவையில்லை.

"என்ர மனுசனுக்குத் தடிமன் எண்டா வீடே படுக்கவேணும். உண்மையிலேயே அவருக்குக் கூட நோகுதோ, நடிப்போ?"

கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பெரும்பாலும் மனுசன் பக்கத்தில் நிற்கும்போதே. 2017 டிசம்பரில் கைல் சூ என்ற கனடா வைத்தியர் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் பாதி பகிடியாக இதைப் பற்றி எழுதி, ஆண்களுக்கு உண்மையிலேயே கொஞ்சம் கடுமையாக இருக்கலாம் என்று வாதாடினார். சாதாரண மூக்கொழுகலைத் தரும் ரைனோவைரஸுக்கு எதிராக இளம் பெண்களின் எதிர்ப்புக் கலங்கள் அதே வயது ஆண்களின் கலங்களை விடப் பலமாகச் செயற்பட்டதை ஆய்வுகூடத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஒருவருக்கு எவ்வளவு நோகிறது என்று அளக்கக் கருவி இல்லை. என் கருத்து: நடிப்பு என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். மல்லித் தண்ணி ஒரு கோப்பை கொடுங்கள். இரண்டாவது கோப்பையை அவரே போட்டுக் குடிக்கட்டும்.

"கொரோனா நேர்ஸ்மாருக்குத்தானே கூட வந்தது? அவையள் பொம்பிளையள் தானே?"

இது உடம்பின் கதை இல்லை, யார் எங்கே நிற்கிறார் என்பதன் கதை. 2003இல் ஹொங்கொங்கில் கொரோனாவின் உறவுக்கார வைரஸான சார்ஸ் வந்தபோது தொற்றியவர்களில் பெண்களே அதிகம், தாதியர்கள் உட்பட. ஆனால் தொற்றிய ஆண்களில் 21.9 வீதம் பேரும் பெண்களில் 13.2 வீதம் பேரும் இறந்தார்கள். முதல் பதிலில் சொன்ன இரண்டு கேள்விகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதை இங்கே பார்க்கலாம்.

பறவைக் காய்ச்சலும் நல்ல உதாரணம். 2013இல் சீனாவில் எச்7என்9 பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வந்தது. உயிர்க்கோழிச் சந்தையோடு சம்பந்தப்பட்ட வருத்தம் அது. எகிப்தில் எச்5என்1 பெண்களுக்குக் கூடுதலாக வந்தது, வீட்டுக் கோழிகளைப் பார்ப்பவர்கள் அவர்கள். வைரஸின் குடும்பம் ஒன்று, ஆபத்தில் நிற்பவர் வேறு. நம் ஊரிலும் விடியற்காலையில் மீன்சந்தையில் தோளோடு தோள் இடிபடுபவர் ஒருவர், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்து இரவு முழுக்க இருப்பவர் இன்னொருவர்.

"அவர் சிகரெட் குடிக்கிறவர். அதுதானே காரணம், எக்ஸ் வை எல்லாம் சும்மா கதைதானே?"

சிகரெட் பெரிய காரணம். இலங்கையில் புகைப்பவர்கள் மிகப் பெரும்பாலும் ஆண்கள். புகை சுவாசக் குழாயின் மெல்லிய மயிர்களைக் கெடுத்து, சளியை வெளியே தள்ள முடியாமல் செய்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது. கைக்குழந்தை சிகரெட் குடிப்பதில்லை, ஆனாலும் ஆண் குழந்தைக்குத்தான் கூட.

பெண்களுக்கும் ஒரு புகை இருக்கிறது. எரிவாயு விலை ஏறியதும் விறகுக்குத் திரும்பிய அடுப்படிகள் எத்தனை! புகைபோக்கி இல்லாத குசினியில் ஈர விறகை ஊதும் பெண்ணின் நுரையீரலும் பாவம்தான். கடைக்கு வந்து "நான் சிகரெட் குடிக்கிறேல்லையே, ஏன் இருமல்?" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது அடுப்பைப் பற்றி.

"தங்கச்சி அஞ்சு மாசம். பொம்பிளையளுக்கு எதிர்ப்புச் சக்தி கூட எண்டு சொன்னீங்கள். அப்ப பயமில்லைத்தானே?"

இங்கேதான் நான் குரலை உயர்த்துவேன். பிள்ளைத்தாச்சி என்றால் மேலே சொன்ன கணக்கு மாறிவிடும். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைத் தாயின் உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தி தன்னை மாற்றிக்கொள்கிறது. அதோடு வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது. இதயத்துக்கும் வேலை கூட. நுரையீரலில் பிரச்சினை வந்தால் சமாளிக்க மிச்ச சக்தி குறைவு.

2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது அமெரிக்காவில் மொத்தச் சனத்தொகையில் கர்ப்பிணிகள் ஏறக்குறைய 1 வீதம். அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் ஏறக்குறைய 5 வீதம். நம் நாட்டில் 2021ஐ நினைத்துப் பாருங்கள். டெல்டா பரவிய காலத்தில் 4 மாதத்துக்குள் 40க்கும் மேற்பட்ட கர்ப்பிணித் தாய்மார் கொரோனாவால் இறந்தார்கள். செப்டெம்பரில் சுகாதார அதிகாரிகள், முடிந்தால் கர்ப்பம் தரிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று சொல்லும் நிலை வந்தது. வேறு எந்தக் காலத்திலும் அப்படி ஒரு அறிவிப்பை நான் கேட்டதில்லை.

ஆகவே தங்கச்சிக்குக் காய்ச்சலோடு இருமல் வந்தால் வீட்டில் ஆவி பிடித்துக்கொண்டு மூன்று நாள் பார்க்க வேண்டாம். அன்றே காட்டுங்கள். குடும்பநல மருத்துவ மாதுவின் போன் நம்பர் கிளினிக் அட்டையில் இருக்கும். இன்புளுவென்சாத் தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். பிறக்கும் பிள்ளைக்கும் முதல் சில மாதங்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கும்.

"ஒரே ஊசிதான் ரெண்டு பேரும் போட்டம். அவர் வயலுக்குப் போயிட்டார், நான் ரெண்டு நாள் காய்ச்சல். எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளேல்லையோ?"

தம்பலகாமத்தில் இருந்து வந்த அக்காவின் முறைப்பாடு. ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது. 2004 கடைசியில் அமெரிக்காவில் இன்புளுவென்சா ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பாதி அளவு போதுமா என்று 1,100க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். பாதி அளவு போட்ட பெண்களுக்கு, முழு அளவு போட்ட ஆண்களுக்கு உண்டான அளவுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டானது. கை நோவு, காய்ச்சல், உடம்பு உளைவும் பெண்களுக்கே கூட. அதற்காகப் பாதி ஊசி கேட்க வேண்டாம். போடும் அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்.

எல்லாப் பக்கவிளைவும் பெண்களுக்குத்தான் என்றும் இல்லை. பைசர், மொடர்னா ஊசிகளுக்குப் பிறகு அபூர்வமாக வந்த இதயத்தசை அழற்சி பெரும்பாலும் பதின்ம வயதுப் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும் வந்தது. அநேகமானவர்களுக்குச் சுகமாகியும் விட்டது.

"எதிர்ப்புச் சக்தி இவ்வளவு பலமெண்டா ஏன் மூட்டு வாதம், தைரொயிட் எல்லாம் பொம்பிளையளுக்கே வருகுது?"

அதே பலம்தான் காரணம். நன்றாகக் குரைக்கும் நாய் சிலவேளை வீட்டுக்காரரையும் கடித்துவிடும். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் வருத்தங்களில் 5 பேருக்கு 4 பேர் பெண்கள். அதில் ஒன்றான லூபஸ் என்றால் 10க்கு 9. இரண்டு எக்ஸும் ஒரு வையும் கொண்டு பிறக்கும் ஆண்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களை விடச் சுமார் 14 மடங்கு. அந்தத் தம்பியின் எக்ஸ் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

நுரையீரலிலும் இது நடக்கும். இன்புளுவென்சா கொடுத்த பெண் எலிகள் சில சோதனைகளில் ஆண் எலிகளை விட மோசமாகின. வைரஸ் கூடியதால் இல்லை, அழற்சி கூடியதால். ஆகவே பலமான எதிர்ப்பு என்றால் எப்போதும் நன்மை என்று எடுக்கக் கூடாது.

"எனக்குக் கொரோனா லேசாத்தான் வந்து போனது. ஆனா இண்டைக்கும் படியேறினா இளைக்குது, ஒண்டும் நினைவில நிக்குதில்ல. டொக்டர் மனசுதான் காரணம் எண்டு சொல்லுறார்."

மனசை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பு, மூச்சிளைப்பு, மறதி பெண்களில் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கடுமையாக வந்து இறப்பது ஆண்களில் கூட, லேசாக வந்து இழுபடுவது பெண்களில் கூட. இரத்தச்சோகை, தைரொயிட், சீனி, இதயம் இவற்றைப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள்.

"எங்கட பெரிய வாப்பா ஒரு வருத்தமும் இல்லாத ஆள். கிண்ணியாவில எல்லாருக்கும் லேசா வந்தது, அவர் மட்டும் மௌத்தாகிட்டார். ஏன்?"

அவரைப் பற்றி மட்டும் யாராலும் இனிச் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட மரணங்களில் ஒரு பகுதிக்கு விளக்கம் கிடைத்திருக்கிறது. மேலே இன்டர்பெரோன் என்று சொன்னேனே, சிலருடைய உடம்பு அந்த இன்டர்பெரோனையே அழிக்கும் பிறபொருளெதிரிகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. மணி அடிக்கிறது, ஆனால் செய்தி போய்ச் சேருவதில்லை. 2020இல் உயிராபத்தான நிலையில் இருந்த 987 கொரோனா நோயாளர்களைச் சோதித்தபோது 101 பேரிடம் இது இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். வயது போகப்போக இது கூடுகிறது. வெளியே எந்த அறிகுறியும் இருக்காது.

"இந்தியாவில கொரோனா வந்த பொம்பிளையள்தான் கூடச் செத்தவை எண்டு ஒரு செய்தி பார்த்தன். நீங்கள் சொல்லுறது பிழைதானே?"

இரண்டும் சரி. 2020 மே மாதம் வரையான இந்தியத் தரவுகளில் மொத்தமாக இறந்தவர்கள் ஆண்களே அதிகம். ஆனால் நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு நூறு பேருக்கும் என்று கணக்குப் போட்டால் பெண்களின் வீதம் சற்றுக் கூடியிருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். லேசான காய்ச்சலோடு பரிசோதனைக்குப் போவது ஆண், முடியாமல் விழுந்த பிறகு கொண்டுபோகப்படுவது பெண் என்றால் கணக்கு அப்படித்தான் வரும். நம் வீடுகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. என் சொந்த அம்மாவே நான்கு நாள் மூச்சு வாங்குவதை மறைத்து எல்லோருக்கும் சமைத்தவர்.

"சரி, எப்பதான் ஆஸ்பத்திரிக்குப் போறது?"

பேசும்போது மூச்சு வாங்கி வசனம் முடிக்க முடியாவிட்டால், நெஞ்சு நோ, உதடு நீலம், குழப்பமான பேச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் 94ஐ விடக் குறைவு, அல்லது குறைந்துவிட்ட காய்ச்சல் திரும்பவும் ஏறினால் போக வேண்டும். மழைக்காலத்தில் இன்னொன்று: காய்ச்சல் எல்லாம் தடிமன் காய்ச்சல் இல்லை. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களை எடுத்ததை மறக்கவில்லைத்தானே? ஆகவே பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், டைக்குளோபெனக், ஐபுபுரோபென் போன்ற நோ மாத்திரைகள் வேண்டாம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் இரத்தம் சோதியுங்கள்.

"வீட்டில அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரம் காய்ச்சல், ரெண்டு பேருக்கும் இளைக்குது. ஆம்பிளைக்குத்தான் ஆபத்துக் கூட எண்டா அப்பாவை முதல்ல கொண்டு போகவோ?"

நிலாவெளியில் இருந்து ஒரு மகன் போனில் கேட்டது. ஆண், பெண் என்ற கணக்கு ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும். உங்கள் விறாந்தையில் இருக்கும் இரண்டு பேரில் யாரை முதலில் ஏற்றுவது என்று அது சொல்லாது. யாருக்கு மூச்சுக் கூட வாங்குகிறது, யாருக்குச் சீனி, யாருக்கு இதய வருத்தம், யார் சாப்பிடாமல் கிடக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். பிறகு, "தம்பி, ஓட்டோ தானே? பின் சீட்டில் இரண்டு பேரும் இருக்கலாமே" என்றும் சொன்னேன். பதற்றத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.